வீட்டுக்குள் இணையத்தைப் பிரிப்பது: அட்டவணை யார் கையில்?

வீடுகளுக்கு இணையம் வரத் தொடங்கிய 1990-களில் நிறுவனங்கள் போட்ட கணக்கு எளிமையானது. ஒரு சந்தாதாரர், ஒரு கணினி, ஒரு ஐபி முகவரி. மோடம் டயல் செய்து இணையும்போது ஒரு முகவரி கிடைக்கும். துண்டித்ததும் அது இன்னொருவருக்குப் போய்விடும். வீட்டில் இரண்டாவது கணினி வந்து உட்கார்ந்ததும் இந்தக் கணக்கு உதைத்தது. கம்பியைப் பிரிப்பதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பாப் மெட்காஃப் 1973-ல் எழுதிய குறிப்பிலிருந்து வளர்ந்த ஈதர்நெட், 1990-ல் முறுக்குக் கம்பியிலும் ஓடும் அளவுக்குத் தரப்படுத்தப்பட்டுவிட்டது. கணினிகளை ஒன்றோடொன்று கட்டலாம், கோப்புகளை மாற்றிக்கொள்ளலாம், ஒரே பிரிண்டரில் அச்சடிக்கலாம். பிரிக்க முடியாமல் நின்றது அந்த ஒற்றை முகவரிதான்.

ஐபிவி4 1981-ல் வரையறுக்கப்பட்டபோது முகவரிக்கு 32 பிட் ஒதுக்கினார்கள். அதாவது ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். பத்தே ஆண்டுகளில் இது போதாது என்று தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் கெல்ட் எகேவாங், பால் ஃபிரான்சிஸ் இருவரும் எழுதிய ஆர்எஃப்சி 1631 என்ற ஆவணம் ஒரு வழி சொன்னது. உள்ளே இருக்கும் கணினிகளுக்கு வெளியுலகம் அறியாத முகவரிகளைக் கொடுத்துவிட்டு, வாசலில் ஒரு கருவி அவற்றைப் பொது முகவரியாக மாற்றி அனுப்பட்டும். இதன் பெயர் நேட். நிரந்தரத் தீர்வு வரும்வரை சமாளிக்கும் குறுகிய கால ஏற்பாடாகத்தான் அந்த ஆவணம் இதை முன்வைத்தது. 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918, உள் உபயோகத்துக்கென்று மூன்று முகவரித் தொகுதிகளை உறுதி செய்தது. இன்று ஏறக்குறைய எல்லா வீட்டு ரவுட்டரிலும் பார்க்கிற 192.168 அந்த மூன்றில் ஒன்று.

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கட்டுரையின் மீதி முழுவதும் இதில்தான் தொங்குகிறது. 192.168.1.5 என்ற கணினி, 50123 என்ற போர்ட்டிலிருந்து ஒரு இணையதளத்துக்குப் பொட்டலம் அனுப்புகிறது. வாசலில் உள்ள கருவி அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் பொது முகவரியை எழுதுகிறது. போர்ட் எண்ணையும் தேவைப்பட்டால் மாற்றுகிறது. எதை எதுவாக மாற்றினோம் என்று ஒரு அட்டவணையில் ஒரு வரி குறித்துக்கொள்கிறது. பதில் வரும்போது அந்த வரியைத் தேடிப் பார்த்து உரிய கணினிக்கு அனுப்புகிறது. போர்ட் எண் 16 பிட் என்பதால் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான உரையாடல்கள் ஒரே நேரத்தில் நடக்க இடமிருக்கிறது. பேச்சு நின்றுபோன வரிகள் சிறிது நேரத்தில் அழிக்கப்படும். எவ்வளவு நேரம் என்பதற்கும் பரிந்துரை உண்டு: டிசிபி இணைப்பு சும்மா இருந்தால் குறைந்தது 2 மணி 4 நிமிடம், யுடிபி என்றால் 2 நிமிடம். மலிவான பெட்டிகள் பல இதை மதிப்பதில்லை. தொலைவிலுள்ள சர்வரில் வேலை செய்துகொண்டிருப்பவர் காபி குடித்துவிட்டு வந்தால் திரை உறைந்து கிடப்பதற்குப் பெரும்பாலும் இப்படி அழிந்துபோன ஒரு வரியே காரணம்.

ஒரு இணைப்பைப் பல கணினிகளுக்குப் பகிர இந்த முப்பது ஆண்டுகளில் வந்த வழிகள் ஏராளம். மென்பொருள், பெட்டி, கம்பி, கம்பியில்லாமை என்று எத்தனையோ வகையாக அவற்றைப் பிரிக்கலாம். என் பார்வையில் அவற்றைப் பிரித்துக் காட்டும் கேள்வி ஒன்றே. அந்த அட்டவணை எங்கே இருக்கிறது, அதைத் திருத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

முதலில் அது வீட்டுக் கணினி ஒன்றிலேயே இருந்தது. அட்டவணைக்கு மாற்றாகப் பிராக்ஸி என்ற வழியும் அப்போது உண்டு: மோடம் மாட்டிய கணினியில் வின்கேட் போன்ற மென்பொருள் ஓடும், மற்ற கணினிகளின் பிரௌசர்கள் பக்கத்தை அதனிடம் கேட்டு வாங்கும். தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு முளைத்த பிரௌசிங் சென்டர்கள் பலவற்றில் ஒரே தொலைபேசி இணைப்பு இந்த வழியில்தான் நான்கைந்து மேசைகளுக்குப் பிரிந்தது. முதலாளியின் கணினி தொங்கினால் கடை முழுக்கத் தொங்கும். பிராக்ஸியின் குறை வேறொன்று. ஒவ்வொரு மென்பொருளுக்கும் பிராக்ஸி முகவரியைச் சொல்லித்தர வேண்டும். சொல்ல இடமில்லாத மென்பொருள் வேலை செய்யாது.

1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு இணைப்புப் பகிர்வை இயங்குதளத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. ஒரு பெட்டியில் டிக் அடித்தால் அந்தக் கணினி 192.168.0.1 ஆகிவிடும், மற்றவற்றுக்குத் தானே முகவரி கொடுக்கும். லினக்ஸ் பக்கம் 1996-ல் வந்த 2.0 கெர்னலிலேயே இந்த வசதி இருந்தது. பழைய 486 கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டு செருகி, ஹார்டு டிஸ்க்கே இல்லாமல் ஒற்றை ஃபிளாப்பியிலிருந்து ரவுட்டராக ஓட வைக்கும் தொகுப்புகள் அந்தக் காலத்து ஆர்வலர்களிடம் சுற்றி வந்தன. லினக்ஸ் ரவுட்டர் பிராஜக்ட் அவற்றில் பேர் பெற்றது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இன்றுவரை இல்லை. வீட்டில் தினசரி நடத்த இதைவிடச் செலவான வழியும் இல்லை. 100 வாட் இழுக்கும் கணினி நாள் முழுக்க ஓடினால் மாதம் 72 யூனிட். 10 வாட் ரவுட்டர் அதே வேலையை ஏழு யூனிட்டில் முடிக்கும்.

அதனால் 2000-ஐ ஒட்டிக் கையடக்க ரவுட்டர்கள் வந்தபோது கணினிவழிப் பகிர்வு சீக்கிரமே ஒதுங்கியது. லிங்க்ஸிஸ் நிறுவனத்தின் நான்கு போர்ட் பெட்டி அமெரிக்க வீடுகளில் பரவியது. 2002 இறுதியில் வந்த அதன் டபிள்யுஆர்டி54ஜி கம்பியில்லா வசதியையும் சேர்த்துக்கொண்டது. அந்தப் பெட்டிக்குள் லினக்ஸ் ஓடுகிறது என்று கண்டுபிடித்த நிரலாளர்கள் உரிம விதியைக் காட்டி மூலநிரலைக் கேட்டார்கள். 2003-ல் அது வெளியானது. அதிலிருந்து 2004-ல் ஓப்பன்டபிள்யுஆர்டி பிறந்தது. வீட்டு அட்டவணையை வீட்டுக்காரரே முழுமையாக ஆளும் வழி அதோடு திறந்தது.

சேவை நிறுவனங்களுக்கு இது ரசிக்கவில்லை. அமெரிக்கக் கேபிள் நிறுவனங்கள் சில, கூடுதல் கணினி ஒவ்வொன்றுக்கும் கூடுதல் மாதக் கட்டணம் கேட்டன. முதலில் மாட்டிய நெட்வொர்க் கார்டின் 48 பிட் மேக் முகவரியைப் பதிவு செய்துகொண்டு வேறெதையும் இணைய விடாத முறையும் இருந்தது. ரவுட்டர் தயாரிப்பாளர்கள் அந்த மேக் முகவரியையே நகலெடுத்துப் போட்டுக்கொள்ள ஒரு பொத்தான் வைத்தார்கள். இன்றைய ரவுட்டர்களின் அமைப்புப் பக்கத்திலும் அந்தப் பொத்தான் காரணம் மறந்த சடங்குபோல இருந்துகொண்டிருக்கிறது. 2002-ல் ஏடி அண்ட் டி ஆய்வகத்தின் ஸ்டீவ் பெல்லோவின், பொட்டலத் தலைப்பில் இருக்கும் ஒரு வரிசை எண்ணை வைத்தே நேட்டுக்குப் பின்னால் எத்தனை கணினிகள் இருக்கின்றன என்று எண்ண முடியும் எனக் காட்டினார். 2003-ஐ ஒட்டி மிச்சிகன் உள்ளிட்ட சில அமெரிக்க மாநிலங்கள் கொண்டுவந்த சட்டங்களில், தகவலின் பிறப்பிடத்தை மறைப்பது குற்றம் என்ற வாசகம் இருந்தது. அப்படிப் பார்த்தால் வீட்டு ரவுட்டரே சட்டவிரோதம் ஆகிவிடும் என்று கணினியியலாளர்கள் கூச்சலிட்டார்கள். கடைசியில் வழக்கு எதுவும் இதை முடித்துவைக்கவில்லை. ரவுட்டர் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் பெரும்பான்மையானதும் நிறுவனங்களே ரவுட்டர் கொடுக்க ஆரம்பித்துவிட்டன. கொடுத்த பெட்டியைத் தூரத்திலிருந்து நிர்வகிக்க டிஆர்-069 என்ற நெறிமுறை 2004-லேயே தயாராக இருந்தது. அட்டவணை வீட்டுக்குள்தான் இருக்கிறது. சாவி ஒன்று நிறுவனத்திடமும் இருக்கிறது.

இந்தியாவின் பிராட்பேண்ட் கதை இந்தச் சண்டை ஓய்ந்த பிறகு தொடங்குகிறது. 2004 அக்டோபரின் பிராட்பேண்ட் கொள்கை 256 கேபிபிஎஸ் வேகத்தையே பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் தன் டேட்டாஒன் சேவையைத் தொடங்கியது. வீட்டுக்கு வந்த ஏடிஎஸ்எல் மோடம்களில் பல, ஒரு ஈதர்நெட் போர்ட்டும் ஒரு யுஎஸ்பி போர்ட்டும் கொண்டவை. நிறுவிச் சென்ற ஊழியர் பெரும்பாலும் பிரிட்ஜ் முறையில் விட்டுப்போவார். கணினியில் பயனர் பெயர், கடவுச்சொல் அடித்து டயல் செய்ய வேண்டும், ஒரு கணினி மட்டுமே இணையும். அதே மோடத்துக்குள் ரவுட்டரும் உறங்கிக்கொண்டிருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 192.168.1.1 பக்கத்துக்குள் போய், பிபிபிஓஇ எனப்படும் அந்த டயல் முறைக்கான விவரங்களை மோடத்திலேயே பதித்துவிட்டால், சில நூறு ரூபாய் ஸ்விட்ச் ஒன்று போதும், வீடு முழுக்க இணையம். சென்னை ரிச்சி தெருவில் ஸ்விட்ச், கேபிள், முனைகள் எல்லாம் ஒரே நடையில் கிடைத்தன.

இதில் ஒரு கண்ணி உண்டு. வழக்கமான ஈதர்நெட் பொட்டலம் 1500 பைட் சுமக்கும். பிபிபிஓஇ அதில் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும், மீதி 1492. உள்ளே இருக்கும் கணினிக்கு இது தெரியாது. சில தளங்கள் சரியாகத் திறக்கும், சில பாதியில் நிற்கும், மெயில் போகும், படம் இணைத்தால் போகாது. ரவுட்டர் தானே டிசிபி அளவை 1452-க்குக் குறைத்துச் சொன்னால் சரியாகிவிடும். இந்த எட்டு பைட்டுக்காக விண்டோஸை அழித்து மறுபடி நிறுவிய வீடுகள் எத்தனையோ.

கம்பி வேலையைப் பற்றிச் சுருக்கமாக. கேட்5இ கேபிளில் எட்டு இழை, நான்கு ஜோடி. 100 மீட்டர் வரை பயமில்லை. 1-2 ஒரு ஜோடி, 3-6 ஒரு ஜோடி என்பதில்தான் பல எலெக்ட்ரீஷியன்கள் தவறுகிறார்கள். நிறங்களை ஜோடி ஜோடியாக 1-2, 3-4, 5-6 என்று அடுக்கினால் பார்க்க ஒழுங்காக இருக்கும். விளக்கு எரியும் சோதனைக் கருவியும் சரி என்றே சொல்லும். ஆனால் 3-ம் 6-ம் வெவ்வேறு முறுக்கில் இருப்பதால் ஒன்றின் இரைச்சல் மற்றொன்றில் ஏறி, வேகம் படுத்துவிடும். கான்கிரீட் சுவருக்குள் மின்கம்பிக் குழாயிலேயே இந்தக் கேபிளையும் இழுப்பது பாதுகாப்புக்கும் கேடு, தரத்துக்கும் கேடு. ஐப்பசி கார்த்திகை இடி மின்னலில் தொலைபேசிக் கம்பி வழியே வரும் மின்தாக்கம் மோடத்தோடு நிற்காமல் லேன் கேபிள் வழியே எல்லாக் கணினிகளின் நெட்வொர்க் கார்டையும் எரித்துவிடுவதுண்டு. கண்ணாடி இழை வந்த பிறகு இந்தத் தொல்லை பாதி குறைந்தது. மொட்டைமாடி வழியே இன்னொரு கட்டடத்துக்குச் செப்புக் கேபிள் இழுப்பவர்களுக்கு மட்டும் அது குறையவில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் இணைவதைப் பற்றி. பகிர்வதில் உள்ள உண்மையான கஷ்டம் வரிசையில் இருக்கிறது, அதைப் பற்றி நம்மிடையே பேச்சே குறைவு. ஒருவர் கூகுளுக்குப் புகைப்படங்களை ஏற்றத் தொடங்கியதும் இன்னொரு அறையில் வீடியோ அழைப்பு உடைகிறது. உடனே எல்லோரும் வேகம் போதவில்லை என்று அடுத்த பிளானுக்குப் போகிறார்கள். கணக்கைப் பாருங்கள். பதிவேற்ற வேகம் 256 கேபிபிஎஸ் என்றால் 1500 பைட் பொட்டலம் ஒன்று போக 47 மில்லிசெகண்ட் ஆகும். மோடத்துக்குள் 256 கிலோபைட் தற்காலிக நினைவகம் இருந்து அது நிரம்பினால், கடைசியில் வந்த பொட்டலம் எட்டு விநாடி காத்திருக்க வேண்டும். நினைவகம் மலிவானதும் தயாரிப்பாளர்கள் அதைத் தாராளமாக வைத்தார்கள். பொட்டலம் தவறக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் டிசிபி, பொட்டலம் தவறுவதைப் பார்த்துத்தான் வேகத்தைக் குறைக்கும். தவறவே விடாத பெட்டி அதன் கண்ணைக் கட்டிவிடுகிறது. பதிவிறக்கமும் சேர்ந்து படுத்துக்கொள்வதன் காரணமும் இதுவே: வந்த தரவுக்கு அனுப்ப வேண்டிய ஒப்புதல் பொட்டலங்களும் அதே வரிசையில் பின்னால் நிற்கின்றன.

2010-ல் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பில் இதைத் தோண்டி எடுத்து, பஃபர்புளோட் என்று பெயர் வைத்து உலகத்தின் முன் வைத்தார். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காமல், பொட்டலம் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்த்து, நேரம் மிகுந்தால் ஒன்றைத் தவறவிடும் முறை அது. அதோடு ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை சேர்த்த எஃப்கியூ-கோடெல் அதே ஆண்டு லினக்ஸில் சேர்ந்தது.

அப்போதும் ஒரு நியாயக் கேள்வி மிச்சம் இருந்தது. வேகம் இணைப்புகளுக்கிடையே பிரிக்கப்படுகிறதே தவிர ஆட்களுக்கிடையே பிரிக்கப்படுவதில்லை. டோரண்ட் ஓட்டுபவர் நாற்பது இணைப்பு திறந்தால் நாற்பது பங்கு, பாடம் படிக்கும் பிள்ளைக்கு ஒரு பங்கு. ரேஷன் கடையில் ஒருவரே நாற்பது குடும்ப அட்டையோடு வரிசையில் நிற்பதுபோல. இணைப்பை வைத்து நியாயத்தை அளப்பதே அபத்தம் என்று பாப் பிரிஸ்கோ 2007-ல் காட்டமாகவே எழுதினார். 2018-ல் லினக்ஸ் 4.19-ல் சேர்ந்த கேக் என்ற முறை இதற்கு விடை சொன்னது: முதலில் கணினிக்குக் கணினி சமமாகப் பிரி, பிறகு அந்தக் கணினியின் இணைப்புகளுக்குள் பிரி. கேக் இதைச் செய்வது எப்படி? நேட் அட்டவணையைத் திறந்து பார்த்துத்தான். எந்தப் பொட்டலம் எந்தக் கணினியுடையது என்று அங்கே மட்டுமே எழுதியிருக்கிறது. ஓப்பன்டபிள்யுஆர்டி ஓடும் சாதாரண ரவுட்டரில் இதை நிறுவி, வேகத்தை உண்மை வேகத்தில் 90 சதவீதத்துக்கு மட்டுப்படுத்தினால் வரிசை நிறுவனத்தின் மோடத்தில் சேராமல் உங்கள் பெட்டியிலேயே நிற்கும். பத்து சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்து வீட்டுச் சண்டையைத் தீர்க்கும் இந்தப் பேரம் எனக்கு லாபமாகவே படுகிறது.

இனி அட்டவணையின் மூன்றாவது இடம். உலக முகவரிக் கிடங்கு 2011 பிப்ரவரி 3 அன்று காலியானது; ஆசியாவுக்கான ஏப்னிக் அமைப்பு ஏப்ரல் 15-ல் தன் கடைசித் தொகுதிக்கு வந்து நின்றது. வீட்டுக்கு ஒரு முகவரி கொடுக்கவும் வழியில்லாத நிறுவனங்கள் தங்கள் கட்டடத்திலேயே ஒரு மாபெரும் நேட் வைத்தன. அதற்கென 2012-ல் 100.64-ல் தொடங்கும் 41,94,304 முகவரிகள் ஒதுக்கப்பட்டன. உங்கள் ரவுட்டரின் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் நீங்கள் இரண்டு அட்டவணைகளுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஊர்ப்புறக் கேபிள்காரர் தரும் ஃபைபர் இணைப்புகள் பலவும் இந்த வகை.

இதன் விளைவு முதலில் தெரிவது சிசிடிவி வைத்த வீடுகளில். முன்பெல்லாம் ரவுட்டரில் போர்ட் ஒன்றைத் திறந்துவிட்டால் வெளியூரிலிருந்து வாசல் கேமராவைப் பார்க்கலாம். அட்டவணையில் நிரந்தரமாக ஒரு வரி எழுதுவதுதான் அது. இப்போது எழுத வேண்டிய அட்டவணை நிறுவனத்தில் இருக்கிறது, அவர்கள் எழுதித் தர மாட்டார்கள். வேறு வழியில்லாமல் கேமரா தயாரிப்பாளரின் சர்வர் வழியே உங்கள் வாசலை நீங்கள் பார்க்கிறீர்கள்.

பொறுப்புக் கேள்வியும் இதே அட்டவணையில் முடிகிறது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடம் முன் வந்த மின்னஞ்சலின் ஐபி முகவரி நவி மும்பையின் ஒரு வீட்டுக்குப் போய் நின்றது. பூட்டாமல் கிடந்த வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியதாக விசாரணை சொன்னது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2010 மே மாதம், வைஃபையைப் பூட்டாத வீட்டுக்காரரும் ஓரளவு பொறுப்பாளிதான் என்றது. அந்தச் சட்ட நிலையை மாற்ற 2017 ஆனது. அதே 2017-ல் யூரோபோல், நிறுவன நேட்டுக்குப் பின்னால் குற்றவாளியையும் அப்பாவியையும் பிரித்தறிய முடியவில்லை என்று புகார் சொன்னது. முகவரியோடு போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் பதிவாகாவிட்டால் அங்கே ஆளைப் பிடிக்க முடியாது. பக்கத்து வீட்டுக்குக் கேபிள் இழுத்துப் பாதிப் பணம் வாங்கிக்கொள்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நிறுவனத்தின் ஒப்பந்தமும் பொதுவாக அதை அனுமதிப்பதில்லை, பெயர் உங்களுடையது.

நேட்டை ஆதரிப்பவர்கள் பாதுகாப்பைச் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு நேரடியாக இணைந்த விண்டோஸ் கணினிகளை நொறுக்கியபோது ரவுட்டருக்குப் பின்னால் இருந்தவை பெரும்பாலும் தப்பின, அட்டவணையில் வரி இல்லாத பொட்டலம் உள்ளே வராது என்பதால். ஆனால் அதே காவலை ஃபயர்வாலில் எழுதிய இரண்டு விதிகள் செய்யும். முகவரியை மாற்றித்தான் காக்க வேண்டும் என்றில்லை.

குறுகிய கால ஏற்பாட்டுக்குப் பதிலாக வர வேண்டிய நிரந்தரத் தீர்வு 1998-லேயே ஐபிவி6 என்று வரையறுக்கப்பட்டுவிட்டது. அதில் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் மிகச் சிறிய வலையமைப்பிலேயே 1,84,467 கோடி கோடி முகவரிகள் உண்டு. ஒவ்வொரு கணினிக்கும் சொந்தப் பொது முகவரி. மாற்ற அட்டவணை வேண்டாம். வாசலில் ஃபயர்வால் மட்டும் போதும். 2016-ல் ஜியோ தொடங்கியதிலிருந்து ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. மொபைலில் வந்துவிட்ட இந்த வசதி பல சிறு ஃபைபர் நிறுவனங்களின் வீட்டு இணைப்பில் இன்னும் வரவில்லை.

ஆகவே அடுத்த முறை இணைப்பு எடுக்கும்போது எத்தனை எம்பிபிஎஸ் என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஐபிவி6 தருகிறீர்களா, வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் வருமா, சொந்த ரவுட்டர் வைக்க விடுவீர்களா என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் தெரிந்தவரை அழைக்கச் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் அடுத்த மாதம் அவர்கள் அதைக் கற்றுக்கொண்டிருப்பார்கள்.